பொதிகைக்குள் சுரங்கம்

தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கப் போன புதிது. எனக்கு ஊர் அம்பாசமுத்திரம், பயிற்சி வெளிமாநிலத்தில். அவரவர் ஊர்ப் பக்கமாக ஒரு பறக்கும் பாதையைத் தாளில் போட்டு வரச் சொன்னார்கள். நான் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போட்டேன். அந்த நிலையத்தின் குறியீடு டிக்கெட்டில் டி.சி.ஆர். என்று இருக்கும், விமானிக்கு அது வி.ஓ.டி.கே. அதைச் சரியாக எழுதினேன். தூரம் சுமார் 67 நாட்டிகல் மைல். ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர் வீதம் 124 கிலோமீட்டர் வரும். 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 90 நாட்டிகல் மைலில், முக்கால் மணி நேரம். இதுவரை சரி.

நடுவில் நம்ம பொதிகை. அகத்தியர் மலை 1868 என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். தாராளமாக இருக்கட்டும் என்று பறக்கும் உயரம் 4500 அடி வைத்தேன். மேற்கே போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடி சேர்த்த உயரத்தில் பறக்க வேண்டும் என்ற விதி தெரிந்த மிதப்பு வேறு.

பயிற்சியாளர் தாளைப் பார்த்தார். "தம்பி, மலைக்குள்ள சுரங்கம் வெட்டி வச்சிருக்காங்களா?"

1868 மீட்டர். அடிக்கணக்கில் 6129! என் பாதை உச்சிக்குக் கொஞ்சம் தெற்கேதான் போகிறது, ஆனால் அங்கேயும் மலைதானே. 8500 என்று அடித்து எழுதினேன்.

குழப்பத்துக்கு என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. பறக்கும் உயரம் அடியில், ஓடுபாதை நீளம் மீட்டரில். எரிபொருளை லிட்டரில் ஊற்றுவார்கள், விமானத்தின் கையேடு அமெரிக்க காலனில் பேசும், எடைக் கணக்கு பவுண்டில். எங்கள் தாத்தாவிடம் நெல் இத்தனை மரக்கால் என்று சொன்னால், "எந்த ஊரு மரக்கால்?" என்பார். அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கு வரவில்லை.

*

அண்ணாச்சி, உங்கள் கதையோடு என் கதையும் சேரட்டும். நான் கயத்தாறு. எனக்குச் சிக்கல் காற்றில். வானிலை அறிக்கையில் 270 பாகை, 15 நாட் என்று இருந்தது. 270 மேற்கு, ஆக காற்று மேற்கே போகிறது என்று அம்புக்குறி போட்டேன். மேற்கே போகிற என் பாதைக்கு எதிர்க்காற்று முதுகுக்காற்றாகிவிட்டது. அது காற்று வரும் திசையாம். வீட்டில் ஆச்சி 'மேகாத்து' என்பது மேற்கேயிருந்து வருவதைத்தானே! காற்றாலைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் எனக்கு உறைக்கவில்லை.

*

உங்கள் இருவர் கதையையும் படித்தபின் என் கதையைச் சொல்ல வெட்கமில்லை. பலகையில் முதல் நாள் பறப்பு 0330 என்று போட்டிருந்தது. விடியுமுன் மூன்றரை மணிக்குக் குளித்துத் திருநீறு பூசி வாசலில் நின்றேன். பலகையில் இருப்பது உலக நேரம், அதோடு ஐந்தரை மணி கூட்டினால்தான் நம்ம நேரம் என்று காவலாளிதான் சொன்னார். ஒன்பது மணிவரை அவரோடு டீ குடித்தேன்.