திருப்பூரின் வளர்ச்சி நொய்யலின் எல்லைக்குள் வந்துவிட்டதா?

கேள்வி: ஆய்வு மாணவி, கோவை

வணக்கம். முதுகலைப் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். சூழலின் எல்லைகளுக்குள் பொருளாதார வளர்ச்சியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே என் ஆய்வேட்டின் பொருள். கோட்பாட்டோடு நின்றுவிடாமல் ஓர் ஊரை முன்வைத்து எழுத விரும்பித் திருப்பூரைத் தேர்ந்துகொண்டேன்.

எங்கள் துறையில் திருப்பூரை ஒரு வெற்றியாகவே எடுத்துச் சொல்கிறார்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பட்டறைகளே பின்னர் திறக்கப்பட்டன. அன்று ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி ரூபாயாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி இன்று 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. ஆகவே தொழில்நுட்பம் கைகொடுத்தால் ஆற்றையும் காக்கலாம், ஏற்றுமதியையும் பெருக்கிக்கொண்டே போகலாம் என்பது அவர்களுடைய முடிவு.

இந்த முடிவை முழுமையாக ஏற்க மனம் வரவில்லை. மறுப்பதற்குப் போதிய சான்றும் என்னிடம் இல்லை. ஆற்றங்கரையில் பயிர் செய்பவர்களும் சாயத்தொழிலில் இருப்பவர்களும் இந்த மன்றத்தில் இருப்பதால் கேட்கிறேன். திருப்பூர் உண்மையிலேயே ஓர் எல்லைக்குள் வளர்ந்திருக்கிறதா, அல்லது சுமை கண்ணுக்குத் தெரியாத வேறிடத்துக்குப் போயிருக்கிறதா?

பதில்: நொய்யல்கரை

அம்மணி, நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. எனவே ஆற்றின் பக்கமிருந்து சொல்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையடியில் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் சேர்கிற ஆறு இது. பருவமழைக்குப் பெருகி, மற்ற மாதங்களில் மெலிந்துவிடும். இந்த அளவுள்ள ஆறு எவ்வளவு கழிவைக் கரைத்துக் கொண்டுபோகும் என்று பட்டறைகளுக்கு உரிமம் கொடுத்த காலத்தில் யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. பாசனத்துக்காக அணையைக் கட்டி 1992இல் முடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டுக்காரர்கள், மதகைத் திறக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. பிறகு நீதிமன்றம் தலையிட்டுத் தேங்கியதை வெளியேற்றச் சொன்னது. பல ஆண்டுகள் அணையில் நீரைத் தேக்காமலே வைத்திருக்க வேண்டியதாயிற்று.

நிலத்தில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். கோடையில் வரப்போரமும் வாய்க்கால் கரையும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். கிணற்று நீர் பாய்ந்த மண் காய்ந்தால் மேற்பரப்பு இறுகி, அடுத்து வரும் மழையை உள்ளே இறங்க விடாது. மஞ்சளும் கரும்பும் போன இடத்தில், உப்பைத் தாங்கும் என்று தென்னை வைத்தோம். அதிலும் மட்டையின் நுனி கருகியது. குரும்பை பிடிக்காமல் கொட்டியது. ஜிப்சம் போட்டு உழுது, நல்ல மழை பெய்து உப்பு கீழே கழுவப்பட்டால் ஓரிரு போகம் தேறும். மழை பொய்த்தால் உப்பு மறுபடியும் மேலே ஏறிவிடும்.

சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2004 டிசம்பரில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. பகிர்ந்து பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கிணறு கெட்டுப்போனதற்கு அது விலையாகுமா?

2011க்குப் பிறகு ஆற்றில் நிறமாக ஓடுவது வெகுவாகக் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நீதிமன்றம் அன்று உறுதியாக நின்றிராவிட்டால் எங்கள் பகுதியில் எவரும் உழுதுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வெளியேறிவிடவில்லை. 40,000 கோடி என்று சொல்பவர்கள், அதிலிருந்து எங்கள் மண்ணின் இழப்பை எந்த ஆண்டுக் கணக்கில் கழித்தார்கள் என்று உங்கள் துறையில் கேளுங்கள்.

பதில்: சாயச்சாலை

நான் திருப்பூரில் ஒரு சாய ஆலையின் உற்பத்திப் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். மேலே ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. தொழிலுக்குள் நடப்பதைச் சேர்த்துச் சொன்னால் உங்கள் கேள்விக்கு விடை தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

பருத்தித் துணிக்கு நாங்கள் பயன்படுத்தும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுவோம். நூறு கிலோ துணிக்கு எண்ணூறு லிட்டர் நீர், லிட்டருக்கு எழுபது கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் 56 கிலோ உப்பு ஆகிறது. துணியின் எடையில் பாதிக்கு மேல்! சாயமாவது பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு முழுவதும் கழிவுநீரோடு வந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைத்தான் எடுத்தன. உப்பைத் தொடவே இல்லை. நீர் தெளிவாகத் தெரிந்ததால் சரியாகிவிட்டது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதைய முறையில் கழிவுநீரை முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்தம் செய்து, பிறகு உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியாகச் செலுத்துகிறோம். கிடைக்கும் நல்ல நீர் மீண்டும் சாயமிடவே வருகிறது. எஞ்சும் அடர்ந்த உப்புநீரை எவாப்பரேட்டரில் நீராவி கொண்டு வற்றவைக்கிறோம். ஒரு பகுதி உப்பைத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. பயன்படுத்த முடியாமல் கடைசியில் நிற்பது கலவை உப்பு. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் சாய எச்சமும் சேர்ந்த அழுக்குப் பழுப்பான பொருள் அது. மூட்டைகளாகக் கட்டி, மழை படாதபடி கொட்டகைகளில் அடுக்கிவைக்கிறார்கள். அதை வாங்குவார் இல்லை. புதைத்தாலும் மழையில் கரைந்து ஓடிவிடும். ஆற்றுக்குப் போகவேண்டிய உப்பு மூட்டையாக நிற்கிறது என்பதே உண்மை நிலை.

நீரை வற்றவைக்க ஏராளமான வெப்பம் வேண்டும். அது பாய்லரில் எரியும் விறகிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தரும்படி திட்டமிட்ட குடிநீர்த் திட்டமோ பவானிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரப்பட்டது. நொய்யலின் எல்லையை மீறிய ஊர் இன்னோர் ஆற்றின்மேல் சாய்ந்து நிற்கிறது. ஆகவே சுமை வேறிடத்துக்குப் போயிருக்கிறதா என்று நீங்கள் கேட்டதற்கு, ஒரு பகுதி போயிருக்கிறது என்பதே என் விடை.

ஆனாலும் இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வெகுகாலமாகவே இருந்தது; அபராதமும் போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. வெளியே விடவே கூடாது என்று எல்லாருக்கும் ஒரே நாளில் கதவை அடைத்த பிறகுதான் அதுவரை முடியாது என்று சொன்னது முடிந்தது. அந்த மாதங்களில் எத்தனையோ தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள், சிறு பட்டறைகள் பல மீளவே இல்லை. அந்த வலியை நேரில் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் சொல்கிறேன், உறுதியான எல்லை இல்லாமல் எந்தத் தொழிலும் தானாக மாறுவதில்லை. எல்லை வைத்த பிறகு அதன் செலவைத் திருப்பூர் மட்டுமே சுமப்பதுதான் அநியாயம். வெளிநாட்டு வாங்குநர் பனியன் ஒன்றுக்குச் சில காசுகள் கூட்டித் தர மறுத்து, இந்த விதி இல்லாத இடத்துக்கு ஆர்டரை மாற்றிவிடுவதாகச் சொல்கிறார்.

பதில்: மதுரை ஆசிரியர்

கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இரண்டு பதில்களும் ஆய்வேட்டில் அப்படியே இடம்பெற வேண்டியவை. கணக்கைப் பற்றி மட்டும் சில சொல்கிறேன்.

முதலில் அந்த 12,000 கோடியையும் 40,000 கோடியையும் நேராக ஒப்பிடாதீர்கள். 2011இல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். இன்று 80க்கு மேல். டாலரில் பார்த்தால் மும்மடங்குக்கு மேல் என்பது இரு மடங்குக்கும் குறைவாகிவிடும். அதிலும் விலை உயர்வு எவ்வளவு, துணியின் அளவு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். ஆற்றுக்குக் கிலோவும் லிட்டரும்தான் பொருட்டு; ரூபாய் மதிப்பு அதற்குத் தெரியாது.

அடுத்து, மொத்த உள்நாட்டு உற்பத்தி எதைச் சேர்க்கிறது என்று பாருங்கள். சாயமிட்டதும் வருமானம், கெட்ட கிணற்றுக்கு மாற்றாக லாரியில் தண்ணீர் விற்றதும் வருமானம், எவாப்பரேட்டர் செய்து விற்றதும் வருமானம். மண்ணும் நிலத்தடி நீரும் தேய்ந்தது எங்கும் கழிவதில்லை. தேசிய வருமானக் கணக்கை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நலத்தை அந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்று 1934இலேயே அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்தார். இந்தியாவில் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு, இயற்கைச் செல்வத்தையும் உள்ளடக்கிய கணக்கு முறையைப் பரிந்துரைத்து 2013இல் அறிக்கை தந்தது. பத்தாண்டு கடந்தும் வரவுசெலவுத் திட்ட விவாதங்களில் பேசப்படுவது பழைய எண்தான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தொழில்நுட்பத் திறன் பற்றியும் ஒரு சொல். துணிக்குச் சாயமிடும் பழைய விஞ்சு எந்திரத்தைவிட இன்றைய சாப்ட்ஃப்ளோ எந்திரத்தில் கிலோவுக்கு ஆகும் நீர் மிகக் குறைவு. அதனாலேயே மொத்த நீர்ப் பயன்பாடு குறைந்துவிடாது. கிலோவுக்குப் பாதியாகக் குறைந்து, துணி மூன்று மடங்கானால் மொத்தம் ஒன்றரை மடங்காகத்தான் ஆகும். நீராவி எந்திரங்கள் திறன் பெற்றபோது பிரிட்டனில் நிலக்கரிப் பயன்பாடு கூடியதைப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே காட்டினார். அதே பிரிட்டன் 1990க்குப் பிறகு தன் எல்லைக்குள் வெளிவிடும் கரியமில வாயுவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது, பொருளாதாரமோ வளர்ந்தது. வளர்ச்சியையும் மாசையும் பிரித்துவிட்டதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே விற்கும் பனியனுக்காகத் திருப்பூர்ப் பாய்லரில் எரிந்த விறகும் கொட்டகையில் நிற்கும் கலவை உப்பும் அந்த நாட்டுக் கணக்கில் வராது.

உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் ஹெர்மன் டேலி மூன்று கேள்விகளை வரிசைப்படுத்தினார்: இயற்கை தாங்கக்கூடிய மொத்த அளவு எவ்வளவு, அதை யார் யாருக்குப் பகிர்வது, பகிர்ந்ததைச் சந்தை எப்படித் திறமையாகப் பயன்படுத்துவது. நொய்யலில் நாம் மூன்றாவதிலிருந்து தொடங்கினோம். முதல் கேள்வி நீதிமன்றத்தில் மட்டுமே கேட்கப்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவும் 1940களில், தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் இருப்பிலிருந்து வாழும் பொருளாதாரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வரத்திலிருந்து வாழும் பொருளாதாரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். உங்கள் ஆய்வுக்கு அந்த வேறுபாடு மிகவும் பொருந்தும்.

இதனால் வளர்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சராசரி இந்தியருக்குரிய கரியமில வாயு சராசரி அமெரிக்கருடையதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வரும் இளைஞனுக்குக் கூலி கூடத்தான் வேண்டும். குறைக்க வேண்டியவர்கள், சில முறை உடுத்தி எறியும் உடைக்குப் பழகிய நாடுகளில் இருக்கிறார்கள்.

ஆய்வு மாணவி, கோவை

மூவருக்கும் மிக்க நன்றி. ஏற்றுமதி மதிப்புக்குப் பதிலாக உப்பின் கணக்கை அடிப்படையாக வைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது: ஓர் ஆண்டில் திருப்பூருக்குள் வந்த உப்பு எவ்வளவு, திரும்பப் பயன்பட்டது எவ்வளவு, மூட்டையில் நிற்பது எவ்வளவு, கணக்கில் வராதது எவ்வளவு. இது நடைமுறையில் கிடைக்கக்கூடிய தகவலா?

சாயச்சாலை

கிடைக்கும். ஒவ்வொரு பொது சுத்திகரிப்பு நிலையமும் உள்ளே வந்த கழிவுநீர், மீட்ட நீர், மீட்ட உப்பு, இருப்பிலுள்ள கலவை உப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். உப்போடு பாய்லர் எரிபொருளின் எடையையும் கேட்க மறவாதீர்கள். இல்லாவிட்டால் பாதிச் சுமை உங்கள் கணக்கிலிருந்தும் தப்பிவிடும். வந்த உப்புக்கும் காட்டிய உப்புக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அது எங்கே போயிற்று என்று துணிந்து எழுதுங்கள்.

நொய்யல்கரை

போன இடம் கிணறுகளில் தெரியும், அம்மணி. ஆற்றையொட்டி ஒரு வரிசை, அரை மைல் தொலைவு தள்ளி ஒரு வரிசை என்று கிணறுகளைத் தேர்ந்து, ஐப்பசி மழைக்கு முன்பு ஒருமுறையும் தை பிறந்த பின்பு ஒருமுறையும் உப்பளவைப் பாருங்கள். ஒரே தடவை பார்த்தால் மழை கழுவியதா, பட்டறை விட்டதா என்று பிரிக்க முடியாது. எங்கள் ஆயக்கட்டில் சிலர் பல ஆண்டு மண், நீர்ப் பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் வருவதற்கு முன் சொன்னால் அவற்றைத் திரட்டி வைக்கிறேன்.