கடல்பாசி மகளிர் குழுக்கள்கிட்ட நேரடியா வாங்கணும், எப்படி ஆரம்பிக்கிறது?

கோவை_டானிக்:
வணக்கம் நண்பர்களே. நாங்க சின்ன அளவுல பயிர் டானிக் போடுறோம், கடல்பாசி சாறு தான் மெயின் சரக்கு. இப்ப வரைக்கும் வியாபாரிகிட்ட கேன்ல வாங்கி பாட்டில் பண்றோம். இனிமே மண்டபம், தொண்டி பக்கம் பாசி வளர்க்கிற மகளிர் குழுக்கள்கிட்டயே பாசியை வாங்கி, லாரில கோவைக்கு கொண்டுவந்து நாமளே பிழியலாம்னு ஐடியா. இடையில போற காசு அவங்களுக்கே போகட்டும், நமக்கும் சரக்கு ஒழுங்கா வரும்ங்கிற கணக்கு தான், தர்மம் பண்றேன்னுலாம் சொல்ல வரல. மார்க்கெட் ரேட்டை விட கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட வெச்சு குடுத்தா போதுமா? அந்த பக்கம் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாம்பன்_காத்து:
ரெண்டு ரூபா மேட்டரே இல்ல சார். இங்க வளர்க்கிற பாசியோட அறிவியல் பேர் கப்பாஃபைகஸ், எங்க ஊர்ல அப்படி கேட்டா பாதி பேர் முழிப்பாங்க, பெப்சி பாசின்னு கேளுங்க, வீடு வரைக்கும் கூட்டிட்டு போவாங்க. குஜராத் பாவ்நகர்ல இருக்கிற மத்திய அரசோட உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்துகிட்ட டெக்னாலஜி வாங்கி 2000 வாக்குல பெப்சிகோ தான் இங்க இறங்குனாங்க, குழுவுக்கு பேங்க் லோன், விளைஞ்சத நாங்களே வாங்கிக்கிறோம்ங்கிற உறுதி எல்லாம் சேர்த்து. 2008ல அது வேற கம்பெனி கைக்கு மாறுச்சு. நல்லா தான் ஓடுச்சு, 2012-13ல காஞ்ச பாசி மட்டும் சுமார் 1500 டன். அதுக்கப்புறம் கடல் தண்ணி சூடாகி, பாசி வெளுத்து தண்டு தண்டா ஒடிஞ்சு விழுந்து, தொழிலே படுத்துருச்சு.

ஒரு மிதவை கணக்கு பாருங்க. பத்துக்கு பத்து அடி மூங்கில் சட்டம், 60 கிலோ விதைப்பாசிய துண்டு துண்டா கயித்துல கட்டணும், அடியில வலை விரிக்கணும் இல்லன்னா ஓரா மீன் மேஞ்சிரும், 45 நாள்ல நாலு மடங்கு ஆச்சுன்னா 240 கிலோ, அதுல 60 கிலோ அடுத்த ரவுண்டுக்கு விதையா போயிரும், மிச்சம் 180ஐ காயப்போட்டா பத்துல ஒரு பங்கு, 18 கிலோ. அந்த 18 கிலோவுக்கு தான் காசு. பாசி செத்தா விக்கிற சரக்கு மட்டும் போகல, விதையும் சேர்ந்து போகுது, மறுபடி விதை வாங்க கடன். அந்த நஷ்டம் யார் தலையிலன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, ரேட்டை அப்புறம் பேசலாம்.

பல்லடம்காரன்:
கறிக்கோழில இத ஓரளவு தீர்த்துட்டாங்க பிரதர். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி குடுக்கும், ஷெட்டும் வேலையும் நம்முது, கிலோவுக்கு வளர்ப்புக்கூலி. கறி ரேட் இறங்குனா அது அவங்க பாடு. இதுவும் சொர்க்கம்னு நினைச்சுக்காதீங்க, ஷெட் கட்டுன கடன் நம்ம பேர்ல தான், அடுத்த பேட்ச் லேட்டானா ஷெட் சும்மா கிடக்கும், வட்டி சும்மா கிடக்காது. ஆனா விதைப்பாசி உங்க செலவுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னாலே பாதி பாரம் குறையும்.

மரைக்காயர்பட்டினம்_அக்கா:
நான் குழுல கணக்கு எழுதுறேன் தம்பி. எங்ககிட்ட முன்னாடி வாங்குன ஒருத்தர் காஞ்ச பாசிய கையில அமுக்கி பாத்தே ஈரம், மணல்னு கழிவு போட்டுட்டு போவாரு, எவ்ளோ கழிச்சாருன்னு சீட்டு கூட கிடையாது, எதுத்து கேட்டா அடுத்த வாரம் வண்டி வராது, வாங்குறதுக்கு வேற ஆளும் இல்ல. பால் சொசைட்டில கொழுப்பு அளந்து இவ்ளோ ரேட்டுன்னு சீட்டு குடுக்குறாங்கல்ல, எங்களுக்கு மட்டும் ஏன் கைநிதானம்?

இன்னொன்னு, உங்களுக்கு வேண்டியது சாறு தானே? அது பச்சை பாசில பிழியிறது, லாரில கோவை போறதுக்குள்ள அழுகிரும். பிழியிற மிஷினை இங்க கரையிலயே போடுங்க. பச்சையா எடை போட்டு வாங்குனா ஈரக்கழிவு சண்டையே வராது, எங்களுக்கும் காயப்போட்டு மழைக்கு பயந்து ஓடுற வேலை மிச்சம். பிழிஞ்ச சக்கையை காயவெச்சா ஐஸ்கிரீம், பேஸ்ட்ல சேர்க்கிற கராஜீனன் எடுக்கிறவங்க வாங்கிக்குவாங்க, அதுல எங்களுக்கும் ஒரு பங்கு போடுங்க.

பாம்பன்_காத்து:
அக்கா சொன்னது கரெக்ட். கூடவே இடத்தையும் பாத்துக்கோங்க சார், இது வெளிநாட்டு பாசி, குருசடை தீவுல பவளப்பாறை மேல படர்ந்துருச்சுன்னு 2008லயே ஆய்வு வந்துச்சு, மன்னார் வளைகுடா கடல் தேசிய பூங்கா பக்கம் மிதவை போட முடியாது. மிதவைக்கு பிரதமர் மீன்வள திட்டத்துல பெண்களுக்கு 60% மானியம் குடுத்தாங்க, இப்ப இருக்கான்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல கேளுங்க.

கோவை_டானிக்:
ரொம்ப நன்றி, குறிப்பா அக்காவுக்கு. கரையில மிஷின்ங்கிறது யோசிக்கவே இல்லாத ஆங்கிள், கரண்ட், ஷெட் செலவு பாக்குறேன். விதை எங்க பொறுப்புன்னே எழுதிடலாம். ஐப்பசி, கார்த்திகைல வேலை ஓடுமா?

மரைக்காயர்பட்டினம்_அக்கா:
வாடைக்காத்துல மிதவை நிக்காது தம்பி, அந்த மாசங்கள்ல எங்களுக்கு வருமானமே இல்ல. அதுக்கு ஒரு முன்பணம் மாதிரி ஏதாவது வெச்சு, அடுத்த சீசன் பாசில கழிச்சுக்கிற மாதிரி பேசுங்க. பணத்தை அவங்கவங்க அக்கவுண்ட்ல போடுங்க, குழு தலைவி கையில மொத்தமா வேணாம்.