செட்டிநாட்டு வீட்டை மர்மம் தெரியற மாதிரி கறுப்பு வெள்ளையில போன்ல எடுக்கறது எப்படி?

பள்ளத்தூர்ப்_பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர்ல எங்க ஐயா வீடு இருக்கு. வர்ற படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடற நாளுக்கு, பங்காளிக எல்லாம் கூடுறாங்க. அன்னைக்கு வளவுல (வீட்டு நடுமுற்றத்துல) மாட்டி வைக்க, வீட்டையும் சுத்துப்பட்டு இடங்களையும் கறுப்பு வெள்ளையில எடுத்து பிரிண்ட் போடணும்னு ஆசை. கேமரா கிடையாது. ஆண்ட்ராய்டு போன்தான், எல்லாத்தையும் நாமளே கையால மாத்தற ப்ரோ மோட் இருக்கு, சென்சார் பிடிச்சதை அப்படியே வைக்கற ரா ஃபைலும் எடுக்கும்.

பொழுது சாயற நேரத்துல எங்க தெருவுல நடந்தா வரிசையா பூட்டின வீடுக. முகப்பு உச்சியில கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் துப்பாக்கி பிடிச்ச சிப்பாய் பொம்மைக, உள்ள ஒரு விளக்குகூட எரியாது. சின்ன வயசுல அந்தப் பக்கம் தனியா போகவே மாட்டேன். அந்த உணர்வுதான் படத்துல வரணும். ஆனா போன்ல எடுத்தா சுற்றுலா விளம்பரம் மாதிரி எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, நிழலே இல்ல. மோனோ (கறுப்பு வெள்ளை) ஃபில்டர் போட்டா செம்மண் தரை, செங்கல் மதில், வேப்பமரம் மூணும் ஒரே சாம்பல் ஆயிடுது.

எந்த நேரத்துல எடுக்கணும், எந்த ஆப்ல என்ன செய்யணும், அப்புறம் படத்துக்கு என்ன டோன் கொடுக்கறது, பழுப்புச் செப்பியாவா நீலமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கண்மாய்க்கரை:

மார்கழி, தை மாசம்னா விடியக்காலம் ஊருணிக்குப் போயிடுங்க. தண்ணி மேல பனி நிக்கும், எதிர்க்கரைப் படிக்கட்டு பாதிதான் தெரியும். மீதி வேலையைப் பனியே பார்த்துக்கும். சூரியனை எதிர்ல வச்சு எடுங்க. திரையில வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தோட வெளிச்ச அளவு) ரெண்டும் லாக் ஆகும். அப்புறம் பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கீழ இழுங்க, பனைமரம் மொத்தமும் கரிக்கோடு ஆகுற வரைக்கும்.

திருமயம் தாண்டி நமணசமுத்திரம் ஐயனார் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாங்க. மண்குதிரைக வரிசையா நிக்கும். தாழ உட்கார்ந்து ஒரே ஒரு குதிரைத் தலையை மட்டும் வானத்துக்கு எதிர வச்சுப் பாருங்க. மொத்த வரிசையையும் எல்லாரும்தான் எடுக்கறாங்க. பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, அது முறை.

பனி இல்லாத நாள்ல ஒரு வழி: ராத்திரி பூரா ஏசி ரூம்ல இருந்த போனை விடியக்காலம் வெளிய கொண்டு வந்தா லென்ஸ் மேல தானா ஈரம் படியும். அது காயறதுக்குள்ள எடுத்தா வெளிச்சம் எல்லாம் கசிஞ்சு நிக்கும்.

பழைய_டார்க்ரூம்:

ஆத்தா, உன் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு. செம்மண், செங்கல், வேப்பமரம் மூணும் ஒரே சாம்பல்னு எழுதியிருக்க. நான் தேவகோட்டையில ஒரு ஸ்டூடியோவுல பல வருஷம் ஃபிலிம் கழுவி பிரிண்ட் போடற டார்க் ரூம்ல நின்னவன். நம்ம பக்கத்துல கறுப்பு வெள்ளைன்னா சிவப்பை என்ன பண்றதுங்கறதுதான் முதல் முடிவு. மண் சிவப்பு, ஓடு சிவப்பு, செம்புறாங்கல் சிவப்பு. அதை வெளுப்பாக்கப் போறியா, கறுப்பாக்கப் போறியா? இதை முடிவு பண்ணாம எந்த ஆப்பைத் தொட்டாலும் சாம்பல்தான் கிடைக்கும்.

திண்ணையில ஆத்தங்குடிக் கல்லு பதிச்சிருந்தா அதுலயே சோதிச்சுப் பாரு. சிவப்புத் தரையில பச்சைக் கொடி ஓடற கல்லா ஒண்ணு எடுத்துக்க. கலர்ல கண்ணைப் பறிக்கும். ஆனா அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் வெளிச்சத்துல பெரிய வித்தியாசம் இல்லைன்னா, சாதாரண மோனோவுல கொடி அப்படியே மறைஞ்சு போகும், வெறும் சாம்பல் சதுரம் மிஞ்சும். இப்ப ஸ்னாப்சீட் ஆப்ல பிளாக் அண்ட் ஒயிட் கருவியைத் திறந்து ரெட் ஃபில்டரை வை. தரை வெளுத்து, கொடி கறுப்பா எழுந்து நிக்கும். கிரீன் வச்சா நேர்மாறு. ஒரே கல்லு, ரெண்டு படம். அதனால எடுக்கும்போது கலர்லயே எடு. கேமராவுலயே மோனோ போட்டு ஜேபெக்ல சேமிச்சா, பெரும்பாலான போன்ல கலர் விவரம் போயிடும், அப்புறம் ஃபில்டர் மாத்தறதுக்கு உள்ள சரக்கு இருக்காது.

ரெட் ஃபில்டர் வானத்துக்கும் வேலை செய்யும். நீல வானம் கருத்துப் போகும், இலை இருளும், சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாவே நிக்கும். நம்ம ஊர் உச்சி வெயில்ல போட்டோ எடுக்காதேன்னு எல்லாரும் சொல்வாங்க. நான் எடுன்னுதான் சொல்வேன். மேகமில்லாத பன்னெண்டு மணி வானத்துக்குக் கீழ வெள்ளைக் கோபுர முகப்பு, ரெட் ஃபில்டர், எக்ஸ்போஷரை நல்லா குறைச்சு எடுத்துப் பாரு. நிலா வெளிச்சத்துல நிக்கிற வீடு கிடைக்கும். சூரியன் மட்டும் ஃபிரேமுக்குள்ள வரக்கூடாது. ரொம்பத் தள்ளினா வானத்துல மணல் மணலா நாய்ஸ் வரும், சிப்பாய் தலையைச் சுத்தி வெள்ளைக் கோடு விழும். அதுக்குத்தான் ரா ஃபைல்ல எடுக்கணும். லைட்ரூம் மொபைல் ஆப்ல பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸ்ல நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கு, கோடு தெரிய ஆரம்பிச்சதும் நிறுத்திக்க.

ஆனா பூட்டின வீட்டுக்கு நான் ரெட் போட மாட்டேன். அங்க ப்ளூ ஃபில்டர். காரணம் சொல்றேன். ஆரம்ப கால நெகட்டிவ் எல்லாம் நீல வெளிச்சத்தை மட்டும்தான் நல்லா வாங்கும், சிவப்பு அதுக்குக் கண்ணுலயே படாது. 1858ல லின்னேயஸ் டிரைப்னு மெட்ராஸ் அரசாங்கத்துக்குப் படம் எடுத்தவர் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் மெழுகு பூசின காகித நெகட்டிவ்ல எடுத்திருக்கார். வானம் வெறும் வெள்ளையா நிக்குதுன்னு நெகட்டிவ் மேல கையாலயே மேகம் தீட்டி வச்சவர் அவர். அந்தக் காலத்துப் படத்தைப் பார்த்தாலே நமக்குள்ள ஒரு அமைதி வருதே, அதுல பாதி இந்த நீலக் கண்ணு செய்யற வேலை. உன் செங்கல் மதிலுக்கு ப்ளூ போட்டா மதில் கரியா இறங்கும், வானம் வெளுத்துப் போகும். எந்தக் காலத்துல எடுத்ததுன்னே சொல்ல முடியாது.

அடுத்தது நிழல். போன் தானா நாலஞ்சு படம் எடுத்து ஒண்ணா சேர்த்து நிழலைத் தூக்கிவிடும். அது ஒரு மூலையையும் இருட்டா விட்டு வைக்காது. அதுக்குப் பேர்தான் எச்டிஆர். முடிஞ்சா அதை அணை, இல்லைன்னா ப்ரோ மோட்ல எடு. எக்ஸ்போஷர் மைனஸ் ஒண்ணு, ஒண்ணரை. வெளிச்சமான இடம் பொசுங்காம இருந்தா போதும், இருட்டுல விவரம் போனா போகட்டும்.

நம்ம வீட்டு அமைப்பே இதுக்குன்னு செஞ்ச மாதிரிதான். முன்வாசல்ல நின்னா வளவு, ரெண்டாங்கட்டு தாண்டி பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோடு. எல்லாக் கதவையும் திறந்து வச்சுட்டு, நீ தெருவுக்கு இறங்கி வெளிய இருந்து எடு. வாசலுக்குள்ள வாசல், நடுவுல வளவு வெளிச்சம் ஒரு பட்டை, திரும்ப இருட்டு, கடைசியில நகத்தளவு வெள்ளை. பர்மாத் தேக்கு நிலையோட செதுக்கு வேலை அழகா இருக்கேன்னு அதைத் தூக்கிக் காட்டாதே. விளிம்புல ஒரு மினுக்கு தெரிஞ்சா போதும்.

கடைசியா, கைவேலை. பிரிண்ட் போடும்போது தாளுக்கு மேல கையை ஆட்டி ஒரு இடத்துக்கு வெளிச்சத்தை மறைப்போம், இன்னொரு இடத்துக்குக் கூட நேரம் விடுவோம். ஸ்னாப்சீட் பிரஷ்ல அதே டாட்ஜ் அண்ட் பர்ன் இருக்கு. படத்துல நாலு மூலையும், பார்வை போகக்கூடாத சன்னலும் இருளட்டும். சிப்பாய் ரெண்டு பேர்ல ஒருத்தன் முகத்தை மட்டும் ஒரு படி ஏத்து. அதே ஆப்ல இருக்கற டிராமா, எச்டிஆர் ஸ்கேப் ஃபில்டர் பக்கம் போயிடாதே. சுவர் எல்லாம் துருப்பிடிச்ச தகரம் ஆயிடும்.

வளவுவாசல்:

டார்க்ரூம் ஐயா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்துக்காது. கருத்த வானம் எடுத்த உடனே ஃபில்டர் போட்டதுன்னு காட்டிக் கொடுத்துடும். நான் ஆளை வச்சுத்தான் எடுப்பேன். பொழுது இறங்கின பிறகு போனைத் திண்ணைத் தூண்ல சாய்ச்சு வச்சு, ப்ரோ மோட்ல ஐஎஸ்ஓவை (சென்சாரோட உணர்திறனை) குறைச்சு, ஷட்டர் அரை செகண்ட். ரெண்டு செகண்ட் டைமர் வைங்க, கை பட்டு ஆடாது. ஆச்சி ஒருத்தவங்க வெள்ளைச் சேலையில தெருவைக் கடந்து போனா வீடு கூர்மையா நிக்கும், ஆள் மட்டும் புகை மாதிரி கரையும். பகல்ல இது நடக்காது. போன்ல பெரும்பாலும் அப்பர்ச்சரை (லென்ஸ் துளை அளவை) மாத்த முடியாது, அரை செகண்ட்ல மொத்தமும் வெளுத்துடும்.

பள்ளத்தூர்ப்_பேத்தி:

ஐயா, ரொம்ப நன்றி. மதில்ல ப்ளூ போட்டுப் பார்த்தேன். மதில் நிஜமாவே கருத்து, மேல வானம் வெளுத்துத் தெரியுது. இது எங்க தெருதானான்னு அம்மா கேட்டாங்க. வளவுவாசல் அண்ணே சொன்னதுக்கு எங்க அயித்தை நடந்து காட்டுறேன்னு ஒத்துக்கிட்டாங்க. டோன் பத்தி மட்டும் சொல்லுங்க. செப்பியா போட்டா எல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி ஆயிடுது.

பழைய_டார்க்ரூம்:

ஆப்ல இருக்கற செப்பியா பட்டன் படம் முழுக்க ஒரே பழுப்பைப் பூசும், அதனாலதான். நிஜச் செப்பியா அப்படி இல்ல. பொட்டாசியம் ஃபெரிசயனைடு கலந்த பிளீச்ல பிரிண்டை முதல்ல வெளுக்க விடுவோம், அப்புறம் சல்ஃபைடுல முக்குவோம், ரூமே அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். வெள்ளி, வெள்ளி சல்ஃபைடா மாறும். அதனாலதான் அந்தப் பிரிண்டுக்கு ஆயுசு அதிகம். பிளீச் முதல்ல பிடிக்கறது வெளிச்சமான இடத்தை. பாதியில எடுத்துட்டா வெளிச்சம் பழுப்பாவும், ஆழமான கறுப்பு கறுப்பாவே இருக்கும். அந்தப் பாதிதான் உனக்கு வேணும்.

லைட்ரூம்ல கலர் கிரேடிங் போ. ஹைலைட்ஸ்ல (வெளிச்சமான இடத்துல) ஹ்யூ, அதாவது நிறம், 45 பக்கம்; சாச்சுரேஷன், அதாவது நிற அடர்த்தி, 10 தாண்ட வேண்டாம். ஷேடோஸை (நிழலை) தொடாதே, இல்லைன்னா ஹ்யூ 220 பக்கம் வச்சு சாச்சுரேஷன் ஒரு 4, 5 வை. திறந்த கதவு, மதில், குதிரை எல்லாத்துக்கும் இது. உச்சி வெயில்ல நிலவு மாதிரி எடுக்கற படத்துக்கு மட்டும் நீலம். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச சயனோடைப்ங்கற நீலப் பிரிண்ட் அளவுக்குப் போக வேண்டாம், அது தனி அழகு, இந்த வீட்டுக்குச் சேராது. ஷேடோஸ்ல மட்டும் 12 வரைக்கும் நீலம் போதும். ஒரே சுவர்ல மாட்டப் போறியே, நீலப் படத்தைத் தனியா ஒரு பத்தியில (தாழ்வாரத்துல) மாட்டு.

பிரிண்ட் கொடுக்கும்போது கவனம். லேப்ல மெஷின் தானா கலர் கரெக்ஷன் பண்ணும். நீ இருட்டா வச்சதைத் தூக்கிவிடும், பழுப்பைத் தப்புன்னு நினைச்சு எடுத்துடும். கரெக்ஷன் வேண்டாம்னு சொல்லிக் கொடு, மேட் பேப்பர் கேளு. போன் திரை தானா ஒளிரும், தாளு ஒளிராது. அதனால படத்தை ஒரு படி வெளிச்சமாக்கி, முதல்ல 4க்கு 6 சைஸ்ல ஒண்ணு போட்டு வளவு வெளிச்சத்துலயே பிடிச்சுப் பாரு. அது சரின்னா பெரிசு போடு.