குரூப் பை-ல (ரோக்களை குரூப் குரூப்பா பிரிச்சு கணக்கு போடுறது) ஆவரேஜ் தப்பா வருது, எங்க சொதப்புறேன்?

கேள்வி:
ரஸ்ட் லாங்குவேஜ்ல சின்னதா ஒரு க்வெரி என்ஜின் (டேபிள்ல இருக்குற டேட்டால கேட்டதை எடுத்துத் தர்ற புரோகிராம்) எழுதிட்டு இருக்கேன், சும்மா கத்துக்கத்தான். ஒரே த்ரெட்ல (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேலை) ஓட்டுனா ஆவரேஜ் சரியா வருது, ரெண்டு த்ரெட்டா பிரிச்சு கடைசில சேர்த்தா மட்டும் 40 வர வேண்டிய இடத்துல 60 வருது. டேட்டா வெறும் நாலு ரோ தான்: 10, 20, 30, 100. ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில் 1:
முதல் த்ரெட்டுக்கு 10, 20, 30 போயிருக்கும், ஆவரேஜ் 20. இன்னொண்ணுக்கு 100 மட்டும். நீங்க 20-யும் 100-யும் கூட்டி ரெண்டால வகுத்திருக்கீங்க, அதான் 60. த்ரெட்டுக்குள்ள வகுக்கவே கூடாது பாஸ். சம் (கூட்டுத்தொகை), கவுன்ட் (எண்ணிக்கை) ரெண்டையும் ஸ்டேட்டா, அதாவது பாதிக் கணக்கா, வச்சுக்கோங்க, மெர்ஜ் பண்றப்ப 60+100, 3+1, கடைசில ஒரே ஒரு தடவ 160/4. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6-ல பேரலல் அக்ரிகேட் (சம், ஆவரேஜ் மாதிரி கணக்கை பிரிச்சு ஒரே நேரத்துல போடுறது) வந்தப்ப, பாதிக் கணக்குகளை சேர்க்க கம்பைன் ஃபங்ஷன்னு தனியா வச்சதே இதுக்குத்தான்.

பதில் 2:
அவர் சொன்னது கரெக்ட். அப்படியே NULL-ஐயும் (நல், அதாவது மதிப்பே இல்லாத இடம்) பாத்துடுங்க, நல் ரோவை கவுன்ட்ல சேர்த்துட்டா மறுபடி இதே கூத்துதான். ரோவே இல்லாத டேபிள்ல கவுன்ட் 0 வரணும், ஆனா சம் நல் வரணும், 0 இல்ல. எரிச்சலாத்தான் இருக்கும், SQL ஸ்டாண்டர்டு அப்படி.

கேள்வி கேட்டவர்:
சரியாயிடுச்சு, 40 வந்துருச்சு! மீடியனுக்கும் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பு) இப்படி ஸ்டேட் வச்சா போதுமா?

பதில் 1:
மீடியன்லாம் அவ்ளோ ஈஸி இல்ல, துல்லியமா வேணும்னா அந்த குரூப்போட வேல்யூ மொத்தத்தையும் பிடிச்சு வச்சே ஆகணும், மெமரி எகிறும்.