மருந்துச் சட்டம் போட்டவரே மருந்துக் கம்பெனி சங்கத்தின் தலைவரா?

தாமிரபரணி:
அமெரிக்காவில் மருந்து விலை ஏன் இப்படிக் கொள்ளையாக இருக்கிறது என்று தேடப் போனால் பில்லி டோசான் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. லூசியானாவில் சாக்பே என்ற சிற்றூர்க்காரர். 1972இல் மாநிலச் சட்டமன்றம், 1980இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கீழவை, 1995இல் கட்சி தாவல், கடைசியில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவரானார். இதைத் தடுக்கச் சட்டமே கிடையாதா?

பழையகோப்பு:
இருக்கிறது, பேருக்கு. கீழவையிலிருந்து போனவர் ஓராண்டுக்குத் தன் பழைய சகாக்களிடம் லாபி செய்யக் கூடாது, அதாவது ஒரு தரப்புக்காகப் போய் ஆதரவு திரட்டக் கூடாது. சங்க ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பலாம், அதை யாரும் கேட்க முடியாது. 2003 நவம்பர் 22, விடியற்காலை 3 மணிக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மருந்து மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. 15 நிமிடத்தில் முடிய வேண்டியது, தோற்கிற மாதிரி இருக்கவே கிட்டத்தட்ட 3 மணி நேரம் இழுத்து, ஒவ்வொருவராக மடக்கி, 220க்கு 215 என்று ஜெயித்தார்கள். கம்பெனிகளோடு அரசு விலை பேரம் பேசக் கூடாது என்பதும் அதில் ஒரு பிரிவு. அந்தச் சட்டத்தைக் கரைசேர்த்த கமிட்டித் தலைவர்களில் ஒருவர் டோசான். 2005 ஜனவரியில் புது வேலையில் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலர் என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது, எம்.பி.யாக வாங்கியதோ 1,58,000 சொச்சம். 2022இல்தான் அந்தப் பேரத் தடையைத் தளர்த்தினார்கள், அதுவும் முதலில் 10 மருந்துக்கு.

மெய்யப்பன்77:
அவர் பக்கத்தையும் சொல்லுங்கள் சார். 2004இல் அவருக்குப் புற்றுநோய், ஒரு புது மருந்துதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பழையகோப்பு:
சரி, நம்புகிறேன். அதற்காகப் பேரத் தடை நியாயமாகிவிடுமா?

சோளக்காடு:
நான் நெப்ராஸ்காவில் இருக்கிறேன். வாஷிங்டனை விடுங்கள், இங்கே மாநில உறுப்பினருக்கு ஆண்டுக்கே 12,000 டாலர்தான். தடவைக்கு நாலு வருஷம், தொடர்ந்து 2 தடவைக்கு மேல் இருக்கவும் முடியாது. சோளம் போடுகிறவர் வந்து, எந்த மசோதா எங்கே சிக்கும் என்று பிடிபடுவதற்குள் எட்டு வருஷம் ஓடிவிடும். படித்த பாடத்துக்கு விலை வெளியேதான். தலைநகர் லிங்கனில் சட்டமன்றக் கூடத்துக்கு வெளியே இருக்கும் வட்ட மண்டபத்தில் லாபியிஸ்டுகள் கூட்டமாக நிற்பார்கள். சீட்டில் பெயர் எழுதி உள்ளே அனுப்பினால் உறுப்பினர் எழுந்து வருவார். நான் ஒருமுறை போயிருந்தபோது, சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் முன்னாள் உறுப்பினராம், பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

தாமிரபரணி:
சீட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

சோளக்காடு:
சிவப்புக் கோட்டு போட்ட சபைக் காவலர்கள். முக்கால்வாசிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள்.