இரண்டு முறை சரிசெய்தும் நிற்காத ஆயில்: பின் அச்சு, பிரேக் அனுபவம்

ஆத்தங்குடிக் கல் ஏற்றுவதுதான் எங்கள் வண்டிக்கு முக்கால்வாசி வேலை. 2004 மாடல் பிக்கப், அப்பா வாங்கியது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற சிமெண்ட் கல் அது. அடுக்கி வைத்துப் பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும், தூக்கினால்தான் கனம் புரியும். அதனால் பின் அச்சுக்கு ஓய்வே கிடையாது.

போன மாசியில் புதுக்கோட்டைக்கு லோடு ஏற்றிப் போகும்போது, திருமயம் நெருங்குகிற இடத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினேன், வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்குக் கை நடுக்கம் அடங்க நேரமானது. இறங்கிப் பார்த்தால் வலது பின் டயரின் உள்பக்கம் முழுக்க ஈரம், அதன் மேல் செம்மண் அப்பிக் கிடந்தது.

முதலில் காட்டிய பட்டறையில் வீல் சிலிண்டர் (பிரேக் ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளுகிற உருளை) ஒழுகுகிறது என்று சொல்லி அதை மாற்றி, பிரேக் லைனில் இருந்த ஏரையும் எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே ஈரம். அந்தப் பத்து நாளும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு ஒரு கோடு கூட இறங்கவில்லை. அதை நான் கவனித்தும் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. சிலிண்டர் ஒழுகினால் டப்பாவில் குறைந்தே ஆக வேண்டும். குறையவில்லை என்றால் வருவது கிரவுன் ஆயில், அதாவது அச்சுக்குள் இருக்கிற கியர் ஆயில்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழைய டம்ளரில் தண்ணீர் எடுத்து, சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் ட்ரம்மில் இருந்து ஒரு சொட்டு விடுங்கள். சாதாரண பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதக்கும். வாடையும் வேறு: கியர் ஆயிலில் கந்தக நாற்றம் அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. டம்ளரைத் திரும்ப அடுக்களைக்குள் கொண்டுபோக வேண்டாம், பிரேக் ஆயில் விஷம்.

சரி, அச்சில் இருந்து ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீல் வளையத்தை மாற்றினோம். மூன்று வாரம் தாங்கியது, அப்புறம் பழைய கதைதான். கடைசியில் காரைக்குடியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை, நேராக வண்டிக்கு அடியில் போய் அச்சுக் கூட்டின் (ஹவுசிங்) மேல் இருக்கிற ப்ரீதரை, அதாவது உள்ளே இருக்கிற காற்று வெளியேறுகிற சின்ன வாயைத் தேடினார். மழைக்கால மண் ஏறி, காய்ந்து, செங்கல் மாதிரி அடைத்திருந்தது. கழற்றியதும் புஸ் என்று காற்று வந்தது.

“தம்பி, லோடோட ஓடுனா உள்ள ஆயில் சூடாகும், காத்து விரியும். போறதுக்கு வழி இல்லன்னா சீலைத் தள்ளிக்கிட்டுத்தான் வரும். புதுசு போட்டாலும் அதே கதிதான்” என்றார்.

பிறகு பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், லேசாக ஆட்டம் இருந்தது. பேரிங் தேய்ந்து, சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் ஆடினால் சீலின் உதடு சீக்கிரமே போய்விடும் என்பதால் பேரிங், சீல் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஷாஃப்டில் சீல் உட்காருகிற இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார், நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் பிடிக்காதாம். எங்கள் ஷாஃப்ட் தப்பித்தது. ட்ரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற பிரேக் ஷூவில் ஆயில் ஊறியிருந்தது, அதைக் கழுவிப் போடலாமா என்று கேட்டேன், கூடவே கூடாது என்றார், ஷூ மேல் ஒட்டியிருக்கிற லைனர் குடித்த ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கமும் புது ஷூ போட்டாயிற்று. ஒரு பக்கம் மட்டும் போட்டால் திரும்பவும் இழுக்கும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் தள்ளிப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

* * *

வணக்கம் அண்ணே, நான் தேவகோட்டை. எனக்கு ஒழுகல் இல்லை, சத்தம். 40க்கு மேல் போனால் பின்னால் உம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். கிரவுன் (பின் அச்சுக்குள் இருக்கிற பல்சக்கரம்) போய்விட்டது, இறக்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். மனசு கேட்காமல் ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லை, ஆனால் வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடியது. கிரவுன் பல் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் காலை எடுக்கும்போதும் அழுத்தும்போதும் சத்தம் மாறும். என் வண்டியில் இடது வீல் பேரிங் மட்டும்தான் போயிருந்தது. பேரிங் செலவோடு முடிந்தது.

இன்னொன்று, சும்மா ஓட்டி வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பெரும்பாலும் அங்கே ஷூ உரசுகிறது, இல்லையென்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது. எனக்கு இதுவும் ஒரு தடவை நடந்தது.

அண்ணே, ப்ரீதர் திரும்ப அடைக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?

* * *

தம்பி, ப்ரீதர் வாயில் ஆயில் தாங்குகிற ஹோஸ் ஒன்றை மாட்டி, சேஸிஸுக்கு மேலே கொண்டுபோய், நுனி கீழே பார்க்கும்படி மடக்கிக் கட்டியிருக்கிறோம். அச்சு ஏறி இறங்கும்போது இழுபடாத அளவுக்கு நீளம் விட்டிருக்கிறது. கிரவுன் ஆயிலையும் நிரப்புகிற ஓட்டையின் கீழ் விளிம்பு வரைதான் ஊற்றினோம், முன்னால் யாரோ அதற்கு மேலேயும் ஏற்றி வைத்திருந்தார்கள். வேலை பார்க்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிடுங்கள், பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டியிருக்கும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஓடியாயிற்று. போன வாரம் ட்ரம்மைக் கழற்றினேன், உள்ளே காய்ந்தே இருக்கிறது.