வெறுங்கடல்மேல் நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது? விளக்க உதவி தேவை

வணக்கம். நாகப்பட்டினத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வகுப்பில் யாருக்கு அறிவியல் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்பார்கள்; தேடிப் படித்துச் சொல்வேன். ஒரு கேள்வியில் மட்டும் வழி தெரியாமல் நிற்கிறேன். பௌர்ணமியன்று கடலிலிருந்து எழும் நிலா அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, உச்சிக்குப் போனதும் ஏன் சுருங்கிவிடுகிறது?

அது கண்மயக்கம் என்பதுவரை காட்டிவிட்டேன். போன பௌர்ணமிக்கு ஒரே போனில், ஜூம் மாற்றாமல், உதிக்கும்போதும் நள்ளிரவிலும் படம் எடுத்தோம். இரண்டிலும் ஒரே அளவு. கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்தும் பார்த்தோம். வானில் அரை டிகிரி அகலமே தெரியும் நிலா இரண்டு நேரமும் விரலுக்குப் பின்னால் முழுசாக ஒளிந்தது. சொல்லப்போனால், உதிக்கும் நிலா ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கி.மீ., கூடுதல் தொலைவில் இருப்பதால் ஒரு துளி சிறிதாகத்தான் இருக்க வேண்டும்! காற்றுதான் பெரிதாக்குகிறது என்றார்கள் சிலர். காற்றில் ஒளி வளைவதால் நிலா மேலும் கீழும் கொஞ்சம் நசுங்குமே தவிர, பெரிதாகாது.

பக்கத்தில் மரம், வீடு இருப்பதால் நிலா வெகுதொலைவில் இருப்பதாக நினைத்து மூளை அதைப் பெரிதாகக் காட்டுகிறது என்று, தூரத்தில் குறுகிச் சேரும் தண்டவாளக் கோடுகளைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். உடனே ஒரு தோழி, "கடல்மேல மரமும் இல்ல, வீடும் இல்ல. அப்பவும் பெருசாத்தானே தெரியுது?" என்றாள். அருமையான கேள்வி. அடுத்த பௌர்ணமிக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்தில் எதுவுமே இல்லாத கடல்மேலும் இந்த மயக்கம் வருவதை, ஒன்பதாம் வகுப்புக்குப் புரியும்படி எப்படி விளக்குவது?